மெட்டு நகர்ந்த வீணையுடன் ஆறு நாள்

முதல் நாள்: தஞ்சாவூர்

உழவன் விரைவு ரயிலில் எங்கள் மூவருக்கும் கிடைத்த இடங்களில் ஒன்றுதான் கீழ்ப் படுக்கை. அதில் வீணை படுத்து வந்தது. எழுபத்தாறு வயதாகும் அம்மா அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, உறைக்குள் இருந்த யாளி முகத்தின் மீது ஒரு கையை வைத்தபடி, விழுப்புரம் தாண்டும்வரை கண்ணை மூடவில்லை. எதிர்ப் படுக்கை இளைஞர் ஒருவர் தம் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிய பிறகுதான் அம்மாவும் படுத்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், பாட்டிக்கும் வீணைக்கும் நடுவே தரையில் போர்வையை விரித்துக்கொண்டு, காதில் காதொலிப்பானைச் செருகியபடியே தூங்கிப்போனாள்.

இந்த வீணை 1969இல் அம்மாவுக்குத் திருமணம் ஆனபோது அவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த வீட்டில் இசைக்குக் குறைவே இல்லை. அப்பா இருநூறுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் பாடியவர் பெயர், பக்கவாத்தியம், தேதி, ராகம், தாளம் எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். சுத்த தன்யாசி, உதயரவிச்சந்திரிகா என்ற ராகங்கள் இரண்டும் ஒன்றா வேறா என்று நண்பர்களோடு நள்ளிரவு வரை வாதிடுவார். மார்கழியில் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சபா சபாவாக ஏறி இறங்குவார். ஆயினும் எங்கள் வீட்டில் இசை என்பது பெட்டிக்குள்ளிருந்து வருவதாகவே இருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அடுக்களையிலும், இருந்த ஒரே வாத்தியம் பரணிலும் இருந்ததைப் பற்றி யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வீணை பரணுக்குப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை எழுதும் துணிவு இன்றைக்கு இல்லை, நாளை பார்க்கலாம்.

காலை பத்து மணிக்கு, வீணையைச் சரிசெய்யக் கொடுக்கப் பட்டறைக்குப் போனோம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவிக்கும் பலகை எதுவும் அங்கே இல்லை. மரத்தூள், வரிசையாகச் சாய்த்து வைத்த பலாமரக் குடங்கள், மெழுகு வாசனை, இவ்வளவுதான். ஆசாரி உறையை அவிழ்த்ததும் முதலில் வீணையைப் பார்க்கவில்லை. விரல் கணுவால் குடத்தைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார். பிறகு, “ஏகாண்டமா, ஒட்டா?” என்று கேட்டார். நான் விழித்தேன். “ஒட்டுதான். குடம் தனி, தண்டி தனி,” என்று பின்னாலிருந்து அம்மா பதில் சொன்னார். ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்டம்; நாதம் எழும் குடம், நீண்ட கழுத்தான தண்டி, நுனியில் இருக்கும் யாளி மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்ப்பது ஒட்டு. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டில் இருந்த பொருளைப் பற்றி இதுகூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. யாளியின் இடது காது உடைந்திருப்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை உடைத்தது என் கிரிக்கெட் பந்து.

தண்டியின் இரு ஓரங்களிலும் ஓடும் கருமெழுகை ஆசாரி நகத்தால் கீறினார். அது பிடித்து நிற்காமல், காய்ந்த சேறு போலப் பொரிந்து உதிர்ந்தது. தந்தியை விரலால் அழுத்திச் சுரம் எடுக்கும் இருபத்து நான்கு மெட்டுகளும் அந்த மெழுகின் மீதுதான் பதிந்து நிற்க வேண்டும். மெழுகு செத்துவிட்டால் மெட்டு நகரும், மெட்டு நகர்ந்தால் சுரம் நகரும். பழைய மெழுகை முழுவதும் சுரண்டி எடுத்து, தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்ந்த புதுக் கலவையை ஏற்றி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைக்க வேண்டும் என்றார். “ஐந்து நாள் கழித்து வாருங்கள்.” எங்கள் பயணம் ஆறு நாளானது இப்படித்தான்.

மாலையில் பெரிய கோயில். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இசைக்காரர்களைப் பற்றியது. திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என ஐம்பது பேரை நியமித்து, தலைக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று முதலாம் இராசராசன் ஏற்பாடு செய்திருக்கிறான். இவர்களில் ஒருவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ, அடுத்த முறைக்கு உரியவர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால், தகுதி உள்ள ஒருவரை வைத்துப் பாடச் செய்துவிட்டு நெல்லைப் பெறலாம். இதை மகளுக்கு விளக்கியபோது அவள் சிரித்துக்கொண்டே, “அப்படியென்றால் நீங்களும் தாத்தாவும் இரண்டாவது வகை,” என்றாள். பாடாமலேயே நெல் வாங்கியவர்கள். மறுக்க முடியவில்லை.

இரண்டாம் நாள்: திருவையாறு

வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகக் கடந்து காவிரிக்கு வந்து சேர்வதற்குள், இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று யாரும் சொல்லித்தர வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. ஆவணி மாதம் என்பதால் ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. தியாகராஜர் சமாதியில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான் இருந்தார்கள்.

இந்த இடத்தை நான் முன்பு கண்ணால் பார்த்ததில்லை. காதால் ஆண்டுதோறும் வந்திருக்கிறேன். தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று ஆராதனையை வானொலி நேரடியாக ஒலிபரப்பும்போது, எங்கள் வீட்டில் மின்விசிறிகூட நிறுத்தப்படும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாகச் சேரும்போது வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கி கரகரக்கும். அந்தக் கரகரப்பையும் நான் பஞ்சரத்தினத்தின் ஒரு பகுதி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அப்பா தொடையில் தாளம் போட்டபடி கண்ணை மூடியிருப்பார். அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்று நினைத்துப் பார்த்தேன். அடுக்களைக் கதவருகே நின்றுகொண்டிருந்தார் என்பது மட்டும் நினைவுக்கு வருகிறது.

வராளியைப் பற்றி இன்று அவர் ஒன்று சொன்னார். அந்த ராகத்தைக் குரு சீடருக்கு நேராகச் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் பிணக்கு வரும் என்பது சங்கீத உலகின் பழைய நம்பிக்கை. அம்மாவின் வாத்தியார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாராம்: அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தமக்கே வாசிப்பதுபோல வாசிப்பார், பின்னால் இருக்கும் பிள்ளைகள் தற்செயலாகக் காதில் விழுந்ததுபோலப் பிடித்துக்கொள்ள வேண்டும். “அவர் முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரே ராகம் அது,” என்றார் அம்மா.

தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவருடைய சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தபோது, இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தம் சொத்தையெல்லாம் இதற்கே கொடுத்தார். அவர் 1920களில் கட்டிய கோயிலின் முன்னே, அவரையோ மற்றப் பெண்களையோ பாட விடவில்லை. ஆராதனையை நடத்திய ஆண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோதும், இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். நாகரத்தினம்மாள் பெண்களுக்கென்றே தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். 1940ஐ ஒட்டித்தான் எல்லாரும் ஒன்றானார்கள். 1952இல் மறைந்த அவருக்கும் அங்கேயே நினைவிடம் உண்டு. சிலை வடிவில் தியாகராஜரைப் பார்த்தபடி கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா தியாகராஜர் சன்னிதியில் நின்றது ஐந்து நிமிடம். நாகரத்தினம்மாள் சிலையின் அருகே உட்கார்ந்தது முக்கால் மணி நேரம். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய இடக் கை மடியில் புடவை மடிப்பின் மீது கிடந்தது. அந்தக் கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, அந்த மடிப்பின் மீது மெல்ல ஏறி, நின்று, சற்றே பக்கவாட்டில் இழுத்து, மீண்டும் இறங்கின. வீணை வாசிப்பவர்கள் மெட்டின் மீது விரல் வைப்பது அந்த இரண்டு விரல்களால்தான். அது வராளியா வேறெதுவுமா என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் கண் தெரியாது. மகளை அழைத்துக் காட்டலாமா என்று நினைத்தேன். காட்டினால் நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாலை நேரத்தில், அப்பா வருவதற்கு முன், அம்மா வழக்கமாக அரை மணி நேரம் வாசிப்பார். கணக்குத் தேர்வுக்கு முதல் நாள், பக்கத்து அறையிலிருந்து கத்தினேன்: “அம்மா, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தை நிறுத்தேன்!” சங்கீதம் என்றுகூடச் சொல்லவில்லை, சத்தம் என்றேன். வீணை நின்றது. தேர்வு முடிந்தது, விடுமுறை வந்தது, போனது. வீணை மட்டும் மீண்டும் ஒலிக்கவில்லை. சில மாதங்களில் அது பரணுக்குப் போயிற்று. நான் அப்பாவைப் போல ஒலிநாடா சேர்க்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள்: நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை

காலையில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். பலிபீடத்துக்கு ஏறும் கற்படிகளைத் தட்டினால் வெவ்வேறு சுரம் கேட்கும் என்பதற்காகவே பலர் வருகிறார்கள். இப்போது படிகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். தட்டித் தட்டியே தேய்த்துவிடுவோம் என்று நம்மை அறிந்து போட்ட வேலி. மகளுக்கு ஏமாற்றம், எனக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

ஆடுதுறைக்கு அருகில் இருக்கும் நரசிங்கம்பேட்டைக்குப் போனது அப்பாவின் அப்பாவுக்காக. தாத்தாவின் ஊர் இந்தப் பக்கம்தான். அவருக்கு ராகப் பெயர் எதுவும் தெரியாது. தோடி என்று யாராவது சொன்னால்கூட, “அது என்னவோ, எனக்கு ராஜரத்தினம் வாசித்தால் போதும்,” என்பாராம். கோயில் திருவிழாக்களில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம் வாசிக்கிறார் என்று காதில் விழுந்தால், அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே நடந்துபோய், விடியற்காலையில் திரும்பி வந்து, அப்படியே ஏர் பூட்டப் போவாராம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும் சேர்ந்த இரவுகளை மட்டும் அவர் தனியாக எண்ணி வைத்திருந்தார் என்பது எங்கள் குடும்பக் கதை. “நேற்று ராத்திரி நல்ல மழை,” என்பாராம். வானம் வெறிச்சென்று இருக்கும். பாட்டிக்குப் புரியும்.

இந்த ஊரின் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்பவர் வீட்டு முற்றத்தில் பழைய உத்தரங்கள் கிடந்தன. இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து வாங்கியவை. ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பல்லாண்டு வீட்டுக்குள் இருந்து ஈரம் முழுவதும் போன மரமாக இருக்க வேண்டும். புது மரம் துளையிட்ட பிறகு வெடிக்கும் அல்லது முறுக்கிக்கொள்ளும். பலர் பிறந்து வளர்ந்து இறந்த ஒரு வீட்டின் கூரையைத் தாங்கிய கட்டை, கடைசல் பட்டறையில் ஏறி, நாகஸ்வரத்தின் நீண்ட குழலான உலவாகிறது. கீழே பொருத்தும் அகன்ற வாய்க்கு அணைசு என்று பெயர். அவர் உலவின் உட்புறத் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றி வழுவழுப்பான இருட்டு. இந்த இருட்டின் சரிவில்தான் நாதம் இருக்கிறது என்றார். மேலே விரல் வைக்கும் துளைகள் ஏழு, ஆனால் ஒரே துளையில் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை எடுக்க வேண்டும் என்று விளக்கியபோது, கணினியில் கட்டை அழுத்தினால் சுரம் வந்துவிடும் உலகில் வளர்ந்த என் மகள், “அப்போது வாசிப்பவர் மனத்தில் சுரம் முதலில் இருக்க வேண்டும், இல்லையா?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல், நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அவளிடம் கொடுத்து, ஊதச் சொன்னார். முதல் முறை காற்று வந்தது. இரண்டாம் முறையும் காற்றுதான். மூன்றாம் முறை வாத்துக் குரல் போல ஒன்று வெடித்துக் கிளம்ப, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

அந்தக் காலத்தில் வழக்கில் இருந்தது திமிரி என்னும் குட்டை நாகஸ்வரம், சுருதி உயரமானது. அதில் சுத்த மத்திமம் சரியாகப் பேசாது. ராஜரத்தினம் பிள்ளை இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியுடன் சேர்ந்து, நீளத்தைக் கூட்டி, துளைகளின் இடத்தை மாற்றி, சுருதியை நன்றாக இறக்கி, இன்று எல்லாரும் வாசிக்கும் பாரி நாகஸ்வரத்தை உருவாக்கினார். சுருதியை இறக்கினால் நாதத்தின் வீரியம் போய்விடும் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அவருடைய தோடி இசைத்தட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் கவலை மிஞ்சாது.

பெரிய பண்ணைகளின் வீட்டு விசேஷங்களில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. மேடை கேட்டார், உட்கார்ந்து வாசித்தார், கோட்டு அணிந்தார். விரல்களில் மோதிரமும் காதில் வைரக் கடுக்கனுமாக அவர் இருக்கும் புகைப்படங்களில் வெறும் ஆடம்பரத்தைப் பார்ப்பவர்கள், அந்தத் துண்டை மறந்துவிடுகிறார்கள். தாத்தாவைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மழை என்று கொண்டாடியவர்தான். ஆனால் தம் பிள்ளைகளில் ஒருவன் தவில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது, “அது நம் வீட்டு வேலை இல்லை,” என்று தடுத்தவரும் அவரே. கேட்பதற்குச் சாதி இல்லை, வாசிப்பதற்கு உண்டு என்ற கணக்கு. அந்தப் பிள்ளை என் பெரியப்பா. எழுபது வயதிலும் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார்.

திருவாவடுதுறைக்குப் பிற்பகலில் போனோம். சீவாளி செய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். கோயிலில் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருந்ததால் வெளிமண்டபத்தில் உட்கார்ந்தோம். 1956இல் மறைந்த ஒருவரின் வாசிப்பை, அவர் வாழ்ந்த ஊரில் உட்கார்ந்து, மகளின் கைப்பேசியில் கேட்டோம். தாத்தா இரவெல்லாம் நடந்து தேடிப்போனது இவ்வளவு சுலபமாகச் சட்டைப் பையில் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு கூச்சம். ஆலாபனை முடியும்வரை மகள் காதில் எதையும் செருகவில்லை.

நான்காம் நாள்: திருக்கோலக்கா

சீர்காழிக்கு மேற்கே, ஊரை ஒட்டியே இருக்கிறது திருக்கோலக்கா. குழந்தை ஞானசம்பந்தர் கையால் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு வந்தார். பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் கொடுத்தார். அம்பிகை அந்தத் தாளத்துக்கு ஓசை கொடுத்தாள். இறைவன் பெயர் தாளபுரீசுவரர், அம்பாள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. பிள்ளைப் பருவத்தில் இந்தக் கதையைக் கேட்டபோது, தாளத்தைக் கொடுத்தவர் ஓசையோடு கொடுக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். இன்று கோயில் வாசலில் நின்றபோதுதான் தோன்றியது: தங்கம் மென்மையான உலோகம், தட்டினால் மங்கிய சத்தம்தான் வரும், கணீரென்று ஒலிக்க வெண்கலம் வேண்டும். கதையைச் சொன்னவர்களுக்குத் தாளம் போட்டுப் பழக்கம் இருந்திருக்கிறது.

ஓதுவார் ஒருவர் இங்கே சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பாடினார். பண் தக்கராகம், இன்றைக்குக் காம்போதியில் பாடுகிறார்கள். அம்மா கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் குளக்கரையில் உட்கார்ந்தோம். மகள் படிக்கட்டில் இறங்கிப் போயிருந்தாள். முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னேன். கணக்குத் தேர்வு, பக்கத்து அறை, சத்தம் என்ற சொல், எல்லாவற்றையும்.

அம்மா சற்று நேரம் யோசித்தார். “அப்படியா சொன்னாய்? எனக்கு நினைவே இல்லையே,” என்றார்.

“நீ அதனால்தானே நிறுத்தினாய்?”

“இல்லையப்பா. அதற்கு முன்பே மெழுகு விட்டுப்போய், மேல் ஸ்தாயியில் நான்கைந்து மெட்டு நகர்ந்துவிட்டது. வாசித்தால் எனக்கே காது கூசியது. உன் அப்பாவிடம் ஒரு தடவை சொன்னேன். ‘பார்க்கலாம், தஞ்சாவூருக்குப் போகும்போது கொண்டுபோகலாம்’ என்றார். அந்த வாரம்தான் அந்தப் புதுப் பெட்டி வாங்கினார், இரண்டு ஒலிநாடா போடுவதுபோல ஒன்று. இரண்டாம் தடவை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.”

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்க்கத் தொடங்கினார். என் வாழ்நாள் குற்ற உணர்வை அவர் இரண்டு வாக்கியத்தில் தள்ளுபடி செய்துவிட்டு, அதைவிடக் கனமான ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பெட்டியை நான் நன்றாக அறிவேன். ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்யலாம். என் சேகரிப்பு முழுவதும் அதில்தான் உருவானது. அப்பாமீது கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, தவிரவும் நானே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகளில், அந்தப் பரணை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்காதவன்.

ஐந்தாம் நாள்: திருவாரூர்

இன்றைக்கு எழுத அதிகம் இல்லை. சங்கீத மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்த ஊர் இது. ஒரே தலைமுறையில் ஒரே ஊரில் மூவரும் பிறந்ததைப் பற்றி அப்பா பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வார்கள். நடந்து பார்த்த எங்கள் கால்கள் அதை ஒப்புக்கொண்டன. ஐந்து வாய்கள் கொண்ட பஞ்சமுக வாத்தியம் மகளை மிகவும் ஈர்த்தது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒலி வேறு என்று கேள்விப்பட்டதும், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அவள் மடிக்கணினியில் இசை கோக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை உட்கார்ந்து கேட்டது மொத்தமாக இரண்டு முறை இருக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கோயில் குளமான கமலாலயத்தின் கரையில் நிழலாகப் பார்த்து உட்கார வைத்தோம்.

இரவு விடுதி அறையில் மகள் தான் செய்த ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நரசிங்கம்பேட்டையில் தான் ஊதிய வாத்துக் குரலையும், திருக்கோலக்காவில் பாட்டி போட்ட கைத்தாளத்தையும் அதில் சேர்த்திருந்தாள். எனக்கு அது புரியவில்லை. அம்மா மட்டும், “இரண்டாவது சுற்றில் தாளம் அரைக்கால் தள்ளி விழுகிறது, அது என் பிழை இல்லை, உன் பிழை,” என்றார். மகள் அதைத் திருத்தினாள்.

ஆறாம் நாள்: மீண்டும் தஞ்சாவூர்

பட்டறைக்கு நாங்கள் போனபோது ஆசாரி கடைசி மூன்று மெட்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தார். இளகிய கருமெழுகின் மீது வெண்கல மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, மெட்டை மயிரிழை முன்னே தள்ளி, மீண்டும் மீட்டி, சரியாக நின்றதும் அழுத்தினார். மகள் கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து அருகில் வைத்தாள். முள் நடுவே நிற்காமல் சற்று இடப்புறமாக நின்றது. “கொஞ்சம் குறைகிறதே, ஐயா,” என்றாள். அவர் சிரித்தார். “அதற்கு அது சரி. இதற்கு இது சரி. மெட்டு வாசலம்மா, வீடு உள்ளே இருக்கிறது. இழுத்துத்தானே உள்ளே போக வேண்டும்?” மெட்டின் மீதே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டினார். ஒரே மெட்டில், அடுத்த சுரமும் அதற்கடுத்ததும் எழும்பின. மகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

உடைந்த யாளிக் காதையும் ஒட்டி வைத்திருந்தார். நான் கேட்கவே இல்லை. புதுக் காதின் நிறம் மட்டும் சற்று வெளிறித் தெரிந்தது.

தந்திகள் ஏழும் ஏற்றியாயிற்று: வாசிக்கும் தந்தி நான்கு, தாளத்துக்கு மூன்று. விரலைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்து, “பேத்திக்குத்தானே? பெண்பிள்ளைக் குரலுக்கு ஏற்றாற்போல நான்கு கட்டைச் சுருதியில் வைத்திருக்கிறேன். பெரியவர் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும்,” என்றார்.

ஆமாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. உண்மையில், இந்தப் பயணத்தின் செலவை எனக்கு நானே நியாயப்படுத்தியது அப்படித்தான். அதற்குள் அம்மா வீணைக்கு அருகில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலிக்குத் தரையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லி ஓர் ஆண்டாகிறது. குடத்தை வலப்புறம் தரையில் இருத்தி, சுரைக்காயை இடத்தொடையின் மீது ஏற்றி, முதல் தந்தியான சாரணியை ஒரு முறை மீட்டினார். அந்த ஒலி அடங்கும்வரை காத்திருந்து, தம் தொண்டையில் மெல்ல அந்த ஆதார சுரத்தை, ஷட்ஜத்தை, தேடினார். எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு தமக்கு வசதியான இடத்தில், தாழ்வாக, சற்று நடுங்கிய ஆனால் விலகாத ஒரு ஷட்ஜத்தைப் பிடித்து நின்றார்.

“பேத்திக்கு இல்லை, எனக்குத்தான்,” என்றார். “இரண்டரை கட்டைக்கு இறக்கிக் கொடுங்கள்.”

“இந்தத் தந்தியை அவ்வளவு இறக்கினால் தொளதொளத்துவிடும், அம்மா. கனமான தந்தி மாற்ற வேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.”

“மாற்றுங்கள். எங்களுக்கு ரயில் ராத்திரிதான்.”